ஏகாம்பரம் செய்த செவ்வாய்த் துப்பாக்கி

சாலிகிராமத்தில், சினிமாவுக்குப் பொருள்கள் செய்துதரும் ஏகாம்பரத்தின் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் வழியை மட்டும் சொல்வதில்லை. "நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க. வேலையில அவர அடிச்சிக்க ஆளில்ல. ஆனா போறதுக்கு முன்னாடி காதுல பஞ்சு வெச்சிக்குங்க" என்றார் டீக்கடைக்காரர். நாங்கள் பஞ்சு வைக்காமல் போய்விட்டோம்.

நாங்கள் என்றால் நானும் எழிலரசியும். என் பெயர் நிலோஃபர். குறும்படம் எடுக்கிறேன். எழிலரசி கேமரா. அந்தக் காலத்து ஆட்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்களோ, அப்படியே ஒரு எதிர்காலம். அதுதான் எங்கள் கதை. தகர ராக்கெட், மீன்தொட்டி மாதிரி ஹெல்மெட், விசையை அழுத்தினால் சிவப்பு ஒளி விடும் துப்பாக்கி. ராக்கெட் தயார், ஹெல்மெட் தயார். துப்பாக்கியை மட்டும் வாடகைக்குச் சொல்லியிருந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹோலிக்குத் தண்ணீர் அடிக்கிற பச்சை பிளாஸ்டிக் பொம்மை.

மறுநாள் காலை ஷூட்டிங். அந்தக் காலத்து வில்லன் நடிகர் ஒருவர், எழுபது தாண்டியவர், எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரே ஒரு நாள் தந்திருந்தார். அன்று மாலையே மகள் வீட்டுக்கு மலேசியா கிளம்புகிறார். துப்பாக்கி இல்லாவிட்டால் படமே இல்லை.

பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள அறை. ஒரு பக்கம் பழைய இரும்பு, ஓடாத ஃபேன், வாயைத் திறந்த ரேடியோ, கை கால் இல்லாத சாமி பொம்மை. மறு பக்கம் ஏகாம்பரத்தின் மனைவி சுலோச்சனா தையல் மெஷினில் உட்கார்ந்து, ஏதோ டான்ஸ் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மயில் டிரஸ் தைத்துக்கொண்டிருந்தார். அவரும் சினிமாவில் காஸ்ட்யூமில் இருந்தவர்தானாம்.

விஷயத்தைச் சொன்னேன். ஏகாம்பரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன மாதிரி துப்பாக்கி பாப்பா? குண்டு வர்றதா, ஒளி வர்றதா?"

"ஒளி வர்றதுண்ணே."

தையல் மெஷின் நின்றது. "ஏம்மா, குண்டுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் சுலோச்சனா. "இனி சாயங்காலம் ஆயிடும் உங்களுக்கு."

ஏகாம்பரம் அதைக் காதில் வாங்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டு ஒரு செத்துப்போன ஹேர் டிரையரை உருவினார். வயரை வெட்டிப் போட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிடி. சரியா? இப்ப சொல்றேன் கேட்டுக்க. ஆசியாவுலயே மொத ஒளித் துப்பாக்கி செஞ்சவன் இப்ப உன் எதிர்ல நிக்கிறான்."

"ஆசியாவுலயா?" என்றாள் எழிலரசி. அவள் பிசிக்ஸ் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவள். எதற்கும் உடனே தலையாட்ட மாட்டாள்.

"ஜப்பான்காரன் ஒருத்தன் அதே நேரத்துல செஞ்சான். ஆனா அவன்து வலது கைக்காரனுக்கு மட்டும்தான் சுடும். விடு, அவனும் பொழைக்கட்டும்." ஸ்குரூ டிரைவரால் ஹேர் டிரையரின் வயிற்றைத் திறந்தபடியே பேசினார். "அப்ப நமக்கு மொதலாளி பொன்னுரங்கம். செவ்வாய்க் கிரகத்துப் படம் எடுக்கறாரு. துப்பாக்கி வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல வந்து எறங்குது. வெல்வெட் பெட்டி. ஷூட்டிங் ஃபுளோர்ல கொண்டாந்து வெச்சாங்க. பக்கத்து ஃபுளோர்ல புராணப் படம். அங்கேர்ந்து ஐராவதம் வேஷம் போட்ட யானை காலாற நடந்து வந்துது. நேரா அந்தப் பெட்டி மேல உக்காந்துடுச்சு. துப்பாக்கி அப்பளம்."

"யானை எங்கங்க வந்துது?" என்றார் சுலோச்சனா. "நீங்கதான உக்காந்தீங்க!"

ஏகாம்பரம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் எழுந்ததுக்கு அப்புறம்தான் யானை உக்காந்துது. நான் உக்காந்தப்ப அது நல்லாத்தான் இருந்துது. டைரக்டர் அழறாரு. மொதலாளி, 'நாளைக்குத் துப்பாக்கி இல்லன்னா ஃபுளோரைப் பூட்டிடுவேன், அத்தன பேரும் வீட்டுக்குப் போங்க'ன்றாரு. எத்தன குடும்பம் பாரு! நான் முன்னாடி போய் நின்னேன். 'மொதலாளி, ஒரு சாக்கும் ஒரு சைக்கிளும் குடுங்க'ன்னேன்."

"முன்னாடி போய் நின்னதுக்கும் அதுதான் காரணம்" என்று சுலோச்சனா எங்களிடம் விளக்கினார். "உக்காந்த ஆளு இவருதான்னு மொதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா சினிமாவுல இவருக்கு அதோட கடைசி."

அந்த இடத்தில் ஏகாம்பரம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணம் ஆகி அப்பதான் புது வீட்டுக்கு வந்திருந்தோம். பயமாத்தான் இருந்துது" என்றார். இவ்வளவு நேரத்தில் அவர் சொன்னதில் இதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அடுத்த மூச்சில் பழையபடி ஆகிவிட்டார்.

"பழைய இரும்பு விக்கிற புதுப்பேட்டைக்குப் போனேன். ஸ்கூட்டர் சைலன்ஸர் ஒண்ணு, அதுதான் குழல். பித்தளை காபி ஃபில்டர், அதுக்குள்ளதான் ஒளி ஊறணும். ஆட்டோ மீட்டர் முகப்பு. குக்கர் வெயிட்டு. எல்லாத்தையும் சேர்த்து ஈயம் வெச்சு ஊதி, வெள்ளிப் பெயின்ட் அடிச்சு முடிச்சேன். காலையில ஹீரோ வந்து கையில வாங்கினாரு. வசனம் மறந்துட்டாரு. கேமராமேன் ஹீரோவ விட்டுட்டுத் துப்பாக்கியவே குளோசப் எடுக்கறாரு. அதுவரைக்கும் சாதாரண விஷயம்தான்."

"இதுக்கு மேலதான் அசாதாரணமா?" என்றாள் எழிலரசி.

"ஸ்டார்ட்னாங்க. ஹீரோ விசைய அழுத்தினாரு. உள்ள நான் வெச்சது சாதா டார்ச் பல்பு. ஆனா காபி ஃபில்டர்ல பழைய டிகாக்ஷன் கறை இருந்துது பாரு, அது தேய்ச்சும் போகல. அதுல பட்டு ஒளி வேற மாதிரி வெளிய வந்துது. எதிர்ல தெர்மாகோல்ல பண்ண பாறை. அது மேல பட்டுது. 'கட்'டுன்னதும் லைட்மேன் கோதண்டம் ஒத்தக் கையால பாறையத் தூக்கப் போனான். இடுப்பு புடிச்சிக்கிச்சு. ஏன்னு பாத்தா, பாறை நெசப் பாறை ஆயிடுச்சு!"

நான் வாட்சைப் பார்த்தேன். அவர் கை நிற்காமல் வேலை செய்துகொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் ஹேர் டிரையர் மூக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் தலையைப் பொருத்திவிட்டிருந்தார்.

"பொய்யா இருக்கறத நெசமாக்குது அந்த ஒளி. புரியுதா? அதுதான் அந்தத் துப்பாக்கியோட குணம்."

"அண்ணே, தெர்மாகோல் கல்லாகணும்னா அந்த எடை எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டாள் எழிலரசி.

"நல்ல கேள்வி. கோதண்டத்துகிட்டேர்ந்து வந்துது. அன்னைக்கு வரைக்கும் அவன் பீமன் மாதிரி இருப்பான். அடுத்த நாள் பாத்தா ஊதினா பறந்துடுவான்."

சுலோச்சனா மெஷினை மிதித்தபடி சொன்னார், "கோதண்டம் மொதல்லேர்ந்தே ஒல்லிதான்."

"நீ அடுத்த நாள்தான அவனப் பாத்த!" என்றார் ஏகாம்பரம். "அடுத்து காமெடியன். மொட்டை. விக்கு வெச்சிருந்தாரு. ஒளி லேசா உரசிட்டுப் போச்சு. விக்கு வேர் விட்டுடுச்சு பாப்பா! அன்னைக்கு சாயங்காலமே பேன் பாத்தாங்க. அதுக்கப்புறம் மாசாமாசம் சலூனுக்குப் போக வேண்டியதாப் போச்சு. அவரு என்ன கட்டிப் புடிச்சி அழுதாரு. கிளிசரின் கண்ணீர் இல்ல, நெசக் கண்ணீர். அதுக்கும் ஒளிதான் காரணமா இருக்கும்னு நெனைக்கிறேன்."

பேசிக்கொண்டே வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் பித்தளை முறுக்கு அச்சு. டார்ச் தலைக்கு முன்னால் அதை வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

மெஷின் டக்கென்று நின்றது. "அது எங்கம்மா வீட்டுச் சீரு."

"நாட்டுக்காகக் குடு சுலோ."

"போன தடவ காபி ஃபில்டரையும் நாட்டுக்காகத்தான் எடுத்தீங்க. புதுப்பேட்டையில வாங்கினேன்னு இப்ப பாப்பாகிட்ட சொல்றீங்க. அது என் ஃபில்டரு."

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் இருமினார். நான் அவசரமாக, "அக்கா, ஷூட்டிங் முடிஞ்ச உடனே நானே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றேன். சுலோச்சனா என் முகத்தைப் பார்த்தார். கண்டிப்பாக அழுகிற மாதிரி இருந்திருக்கும். "சரி, ஓட்டை மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

"ஓட்டை போடாமதான் செய்யறேன், கிளிப்புதான்" என்றார் ஏகாம்பரம். நிஜமாகவே கிளிப்தான் போட்டார். "எங்க விட்டேன்? ஆங், செவ்வாய்க்காரன். துணை நடிகர் ஒருத்தரு, மாசிலாமணின்னு பேரு, வியாசர்பாடிக்காரரு. பச்சைப் பெயின்ட் அடிச்சு, தலையில ரெண்டு ஸ்பிரிங் வெச்சு நிக்க வெச்சிருந்தாங்க. ஹீரோ அவர நோக்கிச் சுடணும். நான் கத்தறேன், 'வேணாங்க, வேணாங்க!' யாரு கேக்கறா? சுட்டாரு. ஸ்பிரிங் ரெண்டும் தானா ஆடுது. மாசிலாமணி என்னென்னவோ பேசறாரு. ஒரு எழுத்து புரியல."

"வியாசர்பாடித் தமிழா இருக்கும்" என்றாள் எழிலரசி.

"அதையும் சந்தேகப்பட்டோம். வியாசர்பாடியிலேர்ந்தே ஆளக் கூட்டியாந்து கேக்க வெச்சோம். அவங்களுக்கும் புரியல. அப்புறம்தான் உறுதியாச்சு. பாவம், செவ்வாய்க்காரனா இருந்தும் மனுஷன் நல்லவரு. மதியம் பிரியாணி வந்ததும் வரிசையில போய் நின்னாரு. ஆனா யூனியன்ல பிரச்சனை பண்ணிட்டாங்க. வேத்துக் கிரகத்து ஆளுக்குக் கார்டு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு. ஏகாம்பரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிரிக்கிற. அடுத்ததக் கேட்டா சிரிக்க மாட்ட. கிளைமாக்ஸ். மொத்த செட்டும் செவ்வாய். செவப்பு மண்ணு, பின்னாடி பெரிய படுதாவுல வரைஞ்ச வானம், ரெண்டு நிலா. ஹீரோ வானத்தப் பாத்து ஒரே சுத்துல சுடணும். சுட்டாரு. அம்மாடி! படுதா காணோம். வானம் இருக்குது. குளிருதுன்னா அப்படியொரு குளிரு. மூச்சு முட்டுது. ஏன்னா செவ்வாயில ஏது நம்ம காத்து? லைட்மேனுங்க எல்லாம் பலூன் மாதிரி மெதக்கறாங்க. சாம்பார் வாளியிலேர்ந்து சாம்பாரு உருண்டை உருண்டையா மேல போவுது. புரொடக்‌ஷன் மேனேஜர் பறந்துகிட்டே சாம்பார் உருண்டையத் தொரத்தறாரு. டைரக்டரு மட்டும் 'கேமரா ஓடுதா? ஓடுதா?'ன்னு கேக்கறாரு."

"ஓடுச்சா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். டைரக்டர் புத்தி.

"ஓடுச்சு. ஆனா ஃபிலிம் ரோலும் செவ்வாய் ரோல் ஆயிடுச்சு. இங்க எந்த லேப்லயும் கழுவ முடியல."

"செவ்வாயில ஈர்ப்பு கம்மிதான், ஆனா மெதக்கற அளவுக்கு இல்லண்ணே" என்றாள் எழிலரசி.

"நீ போயிருக்கியா?"

"இல்ல."

"நான் போயிருக்கேன்." அதோடு அந்த விவாதம் முடிந்தது. "மூச்சு போயிகிட்டே இருக்குது. சுலோவும் அங்கதான், கையில ஊசி நூலோட ஒரு ஓரமா தவிக்கறா. அத்தன பேரு உயிரும் என் கையில. யோசிச்சேன். ஹீரோ கையிலேர்ந்து துப்பாக்கியப் புடுங்கினேன். செட்டுல ஒரு ராக்கெட் இருந்துது, பிளைவுட்டு. அதுல ஒரு கதவு, வெறும் பெயின்ட்டு, நான் வரைஞ்சதுதான். அதக் குறி பாத்து சுட்டேன். படக்குனு கதவு தொறந்துது! எல்லாரும் நீச்சலடிச்சு வெளிய வந்தோம். வந்து விழுந்தது எங்கன்ற? ஆற்காடு ரோடு. டிராஃபிக்கு நடுவுல."

"சுலோச்சனாக்கா, நீங்களும் நீச்சலடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஜெனரேட்டர் பொகை ஃபுளோருக்குள்ள வந்துடுச்சும்மா. எல்லாரும் இருமிகிட்டே வெளிய ஓடினோம்." ஒரு நூலை இழுத்துப் பார்த்தார். "ஆனா இவரு மட்டும் உள்ள திரும்பி ஓடி வந்து என் கையப் புடிச்சு இழுத்துகிட்டுப் போனாரு. அது உண்மை. சும்மா சொல்லக் கூடாது."

ஏகாம்பரத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. தான் சொல்லாத ஒன்றை இன்னொருவர் உண்மை என்று சொல்வது அவருக்குப் பழக்கமில்லை போலும். குனிந்து, சுலோச்சனாவின் டப்பாவிலிருந்து தையல் மெஷின் பாபின்களை அள்ளி, ஒவ்வொன்றாக முறுக்கு அச்சுக்குப் பின்னால் ஒரு கம்பியில் கோர்க்க ஆரம்பித்தார். அடுக்கடுக்காகப் பளபளத்தன. சுலோச்சனா டப்பாவை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"அந்தத் துப்பாக்கி இப்ப எங்கண்ணே?" என்றாள் எழிலரசி. "ஒரு தடவ காட்டுங்க, நாங்க நம்பிடறோம்."

"அதுக்குத்தான் வர்றேன். படம் ரிலீஸ் ஆச்சு. தியேட்டர்ல ஈ காக்கா இல்ல. வெளிய போஸ்டர்ல மட்டும் 'வெற்றிநடை போடுகிறது'ன்னு போட்டிருக்கு. மொதலாளி கண்ணுல தண்ணி. நான் துப்பாக்கிய எடுத்துகிட்டுப் போயி போஸ்டர் மேல ஒளிய ஒரு அடி அடிச்சேன். போஸ்டரே சுவத்துலேர்ந்து எறங்கி அண்ணா சாலையில வெற்றிநடை போட ஆரம்பிச்சிடுச்சு. கூட்டம் அது பின்னாடியே போயிடுச்சு. தியேட்டருக்குள்ள யாரும் வரல. சில சமயம் நெசமாறதும் நல்லதில்ல பாத்துக்க."

"படம் ஓடலன்றது மட்டும் நெசம்" என்றார் சுலோச்சனா.

"இந்த விஷயம் வெளிய கசிஞ்சிடுச்சு. ஒரு நாள் வாசல்ல அஞ்சாறு காரு. ஒரு தலைவரு எறங்கறாரு. எந்தக் கட்சின்னு கேக்காத, எதச் சொன்னாலும் பொருந்தும். கையில தேர்தல் அறிக்கை. இவ்ளோ தடிமன். 'ஏகாம்பரம், இது மேல ஒரு தடவ அடிச்சுக் குடுப்பா'ன்றாரு. நான் மொதல்லயே சொன்னேன், 'தலைவரே, பாறை, விக்கு, கிரகம், இதெல்லாம் என் துப்பாக்கி தாங்கும். இது தாங்காது.' அவரு கேக்கல. சரின்னு மொத பக்கத்துல வெச்சேன். வீட்டுக்கு வீடு குடிநீர்னு இருந்துது. விசைய அழுத்தினேன். துப்பாக்கி முக்குது, மொனகுது. தெருக்குழாயில ஒரே ஒரு சொட்டு வந்து தொங்குது. விழல. ரெண்டாவது, படிச்சவனுக்கெல்லாம் வேலை. சைலன்ஸர் செவந்து போச்சு. எங்கியோ ஒருத்தனுக்கு இன்டர்வியூ லெட்டர் வந்துதாம், போய்ப் பாத்தா தள்ளி வெச்சிட்டாங்களாம். மூணாவது வரி, லஞ்சத்த ஒழிப்போம்."

நிறுத்தினார். பாபின் கம்பியை முறுக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அந்த வரி கிட்டக் கொண்டு போறேன், துப்பாக்கி நடுங்குது பாப்பா. இரும்பு நடுங்கி நான் பாத்ததில்ல. அழுத்தினேன். அவ்ளோதான். டமார்! குக்கர் வெயிட்டு போரூர்ல போய் விழுந்துது. மீதியெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலாவது வெச்சிருப்பேன். இவ பாத்திரம் தேய்ச்சிட்டா."

எழிலரசி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பல்பு எரியவே இல்லம்மா" என்று சுலோச்சனா நிதானமாகச் சொன்னார். "அன்னைக்கு இவரு செஞ்ச துப்பாக்கி பாக்க ரொம்ப அழகா இருந்துது. ஆனா ஒளி வரல. கடைசியில எடிட்டிங்ல ஃபிலிம் மேல ஊசியால ஒவ்வொரு ஃபிரேமா கீறித்தான் ஒளிய வரவழைச்சாங்க."

"கண்ணு கூசுதுன்னு சென்சார்ல சொன்னதால நெச ஒளிய எடுத்துட்டு, கீறின ஒளியப் போட்டாங்க" என்றார் ஏகாம்பரம். சொல்லிக்கொண்டே கையிலிருந்ததை மேஜை மேல் வைத்தார்.

நாங்கள் அப்போதுதான் அதை முழுதாகப் பார்த்தோம்.

ஹேர் டிரையர் என்று யாரும் சொல்ல முடியாது. குழலாக இருப்பது முறுக்கு அச்சு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். பித்தளை மூக்கு, அதன் பின்னால் வெள்ளி வளையம் வளையமாக பாபின்கள், மேலே ரேடியோ திருகு ஒன்று, பக்கத்தில் வால்வு மாதிரி ஏதோ. எந்தக் காலத்திலோ யாரோ கனவு கண்ட எதிர்காலம் அப்படியே வந்து மேஜையில் படுத்திருந்த மாதிரி இருந்தது. எழிலரசி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். நான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். கனம் கச்சிதமாக இருந்தது. விசையை அழுத்தினேன்.

எரிந்தது. முறுக்கு அச்சின் நட்சத்திர ஓட்டை வழியாகச் சிவப்பு நட்சத்திரம் ஒன்று எதிர்ச் சுவரில் விழுந்தது.

எல்லோரும் அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏகாம்பரம்கூட.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பவரக் கம்மியாத்தான் வெச்சிருக்கேன். உங்க பாதுகாப்புக்கு" என்றார்.

மறுநாள் ஷூட்டிங் நல்லபடியாக முடிந்தது. வில்லன் நடிகர் துப்பாக்கியைக் கீழே வைக்க மனமில்லாமல் மலேசியாவுக்கே எடுத்துப்போகப் பார்த்தார். ஏர்போர்ட்டில் என்ன சொல்வீர்கள் என்று எழிலரசிதான் அவர் பையிலிருந்து பிடுங்கினாள். முறுக்கு அச்சைக் கீறல் இல்லாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் துப்பாக்கி செய்த அன்று பட்டறையிலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். வாசல் வரை போன எழிலரசி திரும்பி நின்று, "அக்கா, நீங்க எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. அப்படி ஒரு துப்பாக்கி நெசமாவே கிடைச்சிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

சுலோச்சனா மயில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"பாறை, விக்கு எல்லாம் எதுக்கும்மா? நேரா இவரு வாய்க்குள்ள விட்டு ஒரு தடவ அடிச்சிருப்பேன். ஒரு வார்த்தையாவது நெசமாகியிருக்கும்."